லிட்டருக்கு ஆறு ரூபாய்

செம்பாக்கம்
12 நவம்பர் 2025

அண்ணா,

உன் நம்பருக்கு அடித்தால் போகவே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, உன் படமும் மறைந்துவிட்டது. பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கோபம் வந்தால் பேசமாட்டாய், தெரியும். இப்படிக் கதவைச் சாத்துவாய் என்று நினைக்கவில்லை. அதனால்தான் காகிதம். ரோஸி அண்ணி தாம்பரத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன் என்றார். "அண்ணனும் தங்கச்சியும் சண்ட போடுங்க, நடுவுல நான் தபால்காரி" என்று சிரித்தார். அவருக்காகவாவது படி.

சங்கத்துக்கு நான் எழுதிக்கொடுப்பது புதிதா? நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து உங்கள் வேன் ஓட்டுநர் சங்கத்து ஆயுதபூஜை அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் நான்தான் எழுதுகிறேன். நீ ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. "என் தங்கச்சி எழுதுனது" என்று நேராக அச்சகத்தில் கொடுத்துவிடுவாய். இந்த நோட்டீஸையும் அப்படித்தான் கொடுத்திருக்கிறாய். இப்போது என் மேல் பாய்ந்தால் எப்படி?

"டீசல் வெல ஏன் இப்படி ஏறிக் கெடக்குதுன்னு நறுக்குன்னு எழுது, தாம்பரத்துல ஆர்ப்பாட்டம்" என்றுதான் நீ சொன்னாய். நான் பொருளாதாரம் படித்தவள். தேடிப் பார்த்துத்தான் எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன் கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலரைத் தாண்டி நின்றபோதும் சென்னையில் டீசல் தொண்ணூறுக்கு மேல். இப்போது அறுபதுகளுக்கு இறங்கிவிட்டபோதும் தொண்ணூற்றிரண்டு. அங்கே ஏறினால் இங்கே ஏறுகிறது. அங்கே இறங்கினால் இங்கே மட்டும் இறங்குவதில்லை. மிச்சமாவதில் கொஞ்சம் எண்ணெய்க் கம்பெனிகளிடம் தங்குகிறது, கொஞ்சம் வரியாகப் போகிறது. அந்த வரியில் டெல்லி எடுப்பதும் கோட்டை எடுப்பதும் ஏறக்குறைய சமம். இதைத்தான் எழுதினேன். "இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள், இன்னொரு கை நம் சட்டைப் பையில் இருக்கிறது" என்று முடித்தேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது. அதுதான் வினையாகிவிட்டது போலிருக்கிறது.

என்ன நடந்தது என்று யாரும் எனக்கு முழுசாகச் சொல்லவில்லை. உன் பெயரை ஸ்டாண்டில் எடுத்துவிட்டார்களாமே?

இன்னொன்று. நீ என் வாசலில் வேனை நிறுத்தாததால், அது எதிர்வீட்டுக்கு வருமுன்பே சுஜியை நானே பேருந்தில் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் அவள், முதுகில் அவள் பை. கூட்டத்தில் அவள் முகம் பெரியவர்களின் இடுப்புக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. மூச்சு முட்டுமோ என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போகிறேன். எல்.கே.ஜி. பிள்ளைக்கு நம் சண்டை தெரியாது. "மாமா வண்டி ரிப்பேரா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏஞ்சல்


கோவிலம்பாக்கம்
16 நவம்பர்

ஏஞ்சலு,

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. ரோஸி பக்கத்தில் நின்று "எழுது, எழுது" என்கிறாள். எழுதினால்தான் சோறு போலிருக்கிறது.

என்ன நடந்தது என்று கேட்டாய். கேட்டுக்கொள். தாம்பரத்தில் மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சிக் கொடி, அந்தப் பக்கம் இன்னொரு கட்சிக் கொடி. இரண்டு கட்சி ஆட்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர நான் எத்தனை டீ வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒருத்தர் டெல்லியைத் திட்ட வந்தார், ஒருத்தர் கோட்டையைத் திட்ட வந்தார். அவரவர் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வேன்காரனுக்குக் கூட்டம் சேர்ந்ததே லாபம். பேப்பரில் படம் வந்திருக்கும்.

எங்கள் சங்கத் தலைவர் சிட்டிபாபு உன் நோட்டீஸை மைக்கில் படித்தார். டெல்லி எடுக்கும் வரி என்ற இடம் வரைக்கும் நல்ல சத்தம். அடுத்து கோட்டை என்று வந்ததும் தொண்டையைச் செருமினார், தண்ணீர் கேட்டார். அவர் கட்சிதான் கோட்டையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கீழே இருந்து ஒருத்தன், "தலைவரே, மீதியும் படி, நல்லாத்தான கீது!" என்று கத்தினான். எதிர்ப்பக்கம் ஒரே கைதட்டல். ஆனால் அடுத்த பத்தியில் அவர்களுக்கும் வைத்திருந்தாய் அல்லவா? அவர்கள் கையும் நின்றுவிட்டது. அப்புறம் இரண்டு கொடியும் இரண்டு பக்கமாக நடந்துபோய்விட்டன. பந்தல்காரனும் நானும்தான் மிச்சம்.

"இன்னா ஏசு, எலெக்ஷன் வர்ற நேரத்துல நம்மளயே நாறடிக்கவா கூட்டம் வெச்சே?" என்றார் சிட்டிபாபு.

"தலைவரே, சத்தியமா நான் படிக்கல."

"செயலாளரு படிக்காத நோட்டீஸ நான் மைக்ல படிக்கணுமா? நல்லாக்கீதுய்யா உன் சங்கம்!"

செயலாளர் பதவி அன்றைக்கே போனது. அது போகட்டும், பதவி சோறு போடாது. பொங்கல் வரை ஸ்டாண்டில் எனக்கு டர்ன் கிடையாது என்றுவிட்டார்கள். ஸ்டாண்டில் வண்டி வந்த வரிசைப்படிதான் சவாரி. பெயர் இல்லாதவன் நாள் முழுக்க நின்றாலும் அவனைத் தாண்டிப் பின்னால் இருக்கிற வண்டியைக் கூப்பிடுவார்கள். காலையும் சாயங்காலமும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் அந்த ஸ்டாண்டு சவாரிதான் என் வீட்டை ஓட்டியது.

நீ எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. நான் எறிவதற்கு ஒரு கல் கேட்டேன், நீ தராசு கொடுத்தாய். தராசை யார் மேல் எறிவது?

இன்னொன்று கேட்கிறேன், படித்தவள் சொல். இரண்டு பேரும் எடுக்கிறார்கள், சரி. எடுத்து என்ன செய்கிறார்கள்? அதை ஏன் எழுதவில்லை? ஏன் இரண்டு பேரில் ஒருத்தனும் விடமாட்டேன் என்கிறான்?

இப்போது சனி ஞாயிறில் புதுச்சேரி சவாரி நேராகப் பேசிப் பிடித்து ஓட்டுகிறேன். அங்கே டீசல் லிட்டருக்கு ஆறு ரூபாய் போலக் குறைவு. எல்லையைத் தாண்டினால் அதே டீசல், வேறே விலை. இது உன் நோட்டீஸில் இருந்ததா?

குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்? திங்கட்கிழமை வருகிறேன். ரிப்பேர் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு. உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுப்பதைப் பற்றி இப்போது பேசாதே.

ஏசுபாதம்


செம்பாக்கம்
26 நவம்பர்

அண்ணா,

சுஜியைத் திரும்ப ஏற்றிக்கொண்டதற்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாய். எழுதவில்லை.

நீ கேட்ட கேள்வியை ஒரு வாரமாக மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்றாய். டெல்லி எடுப்பதில் பெரும்பகுதியை செஸ் என்ற பெயரில் எடுக்கிறது. அதற்கு மாநிலங்களோடு பங்கு பிரிக்க வேண்டியதில்லை. கோட்டைக்கு, ஜி.எஸ்.டி. வந்தபிறகு தானாகக் கை வைக்கக்கூடியவை என்று பெரிதாக மிச்சமிருப்பவை எரிபொருளும் மதுவும்தான். அதனால் டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவருவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். மற்ற வரிகளை வசூலிக்க ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும். டீசலில் வண்டிக்காரனே பங்க் வாசலில் வரிசையில் நின்று கட்டிவிட்டுப் போகிறான்.

எடுத்து என்ன செய்கிறார்கள்? இதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. சுஜியைக் கூட்டிப்போன அந்த நாட்களில் நான் பேருந்துக்குக் காசு கொடுக்கவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லை, நடத்துநர் ஒரு சீட்டு மட்டும் கிழித்துத் தருகிறார். அந்தச் சீட்டுக்கான பணம் எங்கிருந்தோ வரவேண்டும் அல்லவா? உன் வேன் குடிக்கும் டீசலிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. நீ கட்டுகிறாய், நான் ஏறிப்போகிறேன். நோட்டீஸ் எழுதும்போதும் இப்படி ஒரு சீட்டு என் பையில் இருந்திருக்கும். தோன்றவே இல்லை.

இத்தோடு கடிதத்தை நிறுத்திவிடலாம் என்று எழுந்தேன். முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சுஜியின் காலுறையில் டீசல் வாசனை. தெருவில் எதையாவது மிதித்திருப்பாள் என்று துவைத்துப் போட்டேன். செவ்வாயும் அதே வாசனை. "எங்கடி கால் வெச்சே?" என்றேன். "மாமா வண்டில கடைசி சீட்டுக் கீழ தண்ணி கேன் இருக்கும்மா, என் காலு எட்டாதுல்ல, அதுமேலதான் வெச்சுப்பேன்" என்றாள். பெரிய வசதி கிடைத்த மாதிரி சொல்கிறாள்.

இன்று காலை அவளை ஏற்றும்போது குனிந்து பார்த்தேன். சாக்குப் போட்டு மூடியிருந்தது. அது தண்ணீர் கேன் இல்லை, டீசல்.

நீ முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பிள்ளைகள் இருந்ததால் வாய் திறக்கவில்லை. அதைவிட மோசம், அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். பள்ளியிலிருந்து வரும்வரை எந்த வேலையும் ஓடவில்லை. ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்வந்தேன்.

அந்தக் கேன்களை எடுத்துவிடு. புதுச்சேரியில் நிரப்பிக்கொள், டேங்கில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. பிள்ளைகள் காலுக்கடியில் வேண்டாம். அதுவரை சுஜியை அனுப்பமாட்டேன்.

ஏஞ்சல்

பி.கு. எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரி அக்கா, "எங்க பையன் யூனிஃபார்ம்ல என்னமோ ஸ்மெல் வருது, உங்க சுஜிக்கும் வருதா?" என்று கேட்டார். மழைக்கு ஈரம் காயாத வாசனையாக இருக்கும் என்றேன். அவருக்கு நான் சொன்ன பொய் இது ஒன்றுதான், அதுவும் உனக்காக.


கோவிலம்பாக்கம்
29 நவம்பர்

ஏஞ்சலு,

டீசல் ஒன்றும் பெட்ரோல் இல்லை. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால்கூடச் சட்டென்று பிடிக்காது. இது எந்த டிரைவருக்கும் தெரியும். கேனுக்கு மூடி இருக்கிறது, மூடிக்கு மேல் பாலிதீன் கட்டியிருக்கிறேன். ஒரு சொட்டு சிந்தியதில்லை. சரி, அந்த ஒரு நாள் மேடவாக்கத்தில் பள்ளத்தில் விட்டபோது சிந்தியது. துடைத்துவிட்டேன்.

என் நிலைமையைக் கொஞ்சம் பார். ஸ்டாண்டில் டர்ன் இல்லை. வேன் கட்டணத்தை ஏற்றினால் அம்மாக்கள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். கட்டணம் ஏற்றாத வேன் தெருவுக்கு இரண்டு நிற்கிறது. டீசல் இறங்காது, நீயே எழுதிவிட்டாய். டேங்க் வாரத்துக்குப் பாதிதான் வரும். மீதிப் பாதிக்குத் தாம்பரம் பங்க் விலை கொடுத்தால் புதுச்சேரிக்குப் போனதே வீண். நான் போய் யாரிடம் அந்த ஆறு ரூபாயைப் பிடிப்பது? டெல்லியிடமா, கோட்டையிடமா, திரிபுரசுந்தரி மேடத்திடமா? என்னிடம் மிச்சம் இருந்த இடம் அந்தக் கடைசி சீட்டுக்கு அடிதான்.

வீட்டில் வை என்பாய். வாடகை வீடு. கீழ்வீட்டுக்காரர் ஒரு சைக்கிளை நிறுத்தினாலே கத்துகிறார்.

உன் வீட்டுக்காரர் எழிலைக் கேள். திருமுடிவாக்கத்தில் அவர்கள் கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் எதில் வருகிறது? கேனில்தான் வருகிறது. அதை யாராவது கொலைக் குற்றம் மாதிரிப் பார்க்கிறார்களா?

நீ சுஜியை அனுப்பாதது எனக்கு எப்படி இருக்கிறது தெரியுமா? உன் வாசலைத் தாண்டும்போது மற்ற பிள்ளைகள் "சுஜி, சுஜி" என்று கத்துகின்றன. நான் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு ஏற்றுகிறேன்.

திரிபுரசுந்தரி மேடத்திடம் சொல்லிவிடுவாயா? ஒரு தடவை உண்மையை எழுதினாய், ஸ்டாண்டு போனது. இன்னொரு தடவை சொன்னால் வேன் போகும். யோசித்துக்கொள்.

ஏசுபாதம்


செம்பாக்கம்
2 டிசம்பர்

அண்ணா,

மழைக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். நல்லதாயிற்று. இந்த நாட்களில் எந்தப் பிள்ளையும் உன் வேனில் ஏறவில்லை என்று நிம்மதியாக மூச்சு விடுகிறேன். ஏரிக்கரை ஓரத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அண்ணி வர முடிந்தால் இதைக் கொடுக்கிறேன்.

எழிலைக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். அவர்கள் டீசலைத் தனிக் கொட்டகையில் வைக்கிறார்களாம். மணல் வாளி, அணைப்பான், பீடி பிடிக்கக்கூடாது என்ற பலகை. யாரும் உட்காராத கொட்டகைக்கு இத்தனை. "கேனிலதான் வருது, வாஸ்தவம். ஆனா கேன் மேல யாரும் காலப் போட்டு ரைம்ஸ் சொல்றதில்ல" என்றார். பிறகு, "உங்க அண்ணன் விஷயம். நீதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். சௌகரியம்.

உன்னுடைய கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்டாண்டு போனது, இனி வேன் போகும். பயமுறுத்துகிறாய் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, பயத்தில் எழுதியிருக்கிறாய் என்று தோன்றியது. அது என்னை இன்னும் கலக்கியது.

நோட்டீஸை எழுதும்போது எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. டீ குடித்துக்கொண்டே எழுதினேன். யாருக்கு வலிக்கும் என்று நான் கணக்கில் வைக்கவில்லை. இப்போது அப்படி இல்லை. சொன்னால் உனக்கு வலிக்கும், ரோஸி அண்ணிக்கு வலிக்கும், எனக்கும்தான். சொல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் தினமும் காலையில் நான் செய்த மாதிரி ஏற்றிவிட்டுக் கையசைப்பார்கள், என்ன ஏற்றுகிறோம் என்று தெரியாமல். அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

வரியைப் போட்டவர் யாரும் அந்தக் கடைசி சீட்டில் உட்காரப் போவதில்லை. எங்கேயோ முடிவாகிற விலை, கை மாறிக் கை மாறி வந்து, கடைசியில் கால் எட்டாத ஒரு குழந்தையின் செருப்புக்கு அடியில் நிற்கிறது. அதற்குக் காரணம் நீ இல்லை. ஆனால் அங்கே நிறுத்தியது நீதான் அண்ணா. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். பள்ளி திறக்கும் அன்று கேன்கள் இருக்கக்கூடாது. இருந்தால், வாசலில் நின்றபடியே எல்லோருக்கும் போன் செய்வேன். அதோடு, எடுத்துவிட்டால் மட்டும் போதாது. நீயே அவர்களிடம் சொல்லிவிடு. இத்தனை நாள் வைத்திருந்தேன், இனி வைக்கமாட்டேன் என்று. சொல்லாமல் எடுத்தால், அடுத்த மாதம் கை கடிக்கும்போது திரும்பக் கொண்டுவந்துவிடுவாய். நல்லவன் இல்லை என்பதால் அல்ல. ஆறு ரூபாய் அப்படியேதான் இருக்கப் போகிறது என்பதால்.

இதைப் படித்துவிட்டு நீ என்னைத் தங்கை இல்லை என்று சொல்லலாம். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏஞ்சல்


கோவிலம்பாக்கம்
6 டிசம்பர்

ஏஞ்சலு,

உன் கடிதத்தை ரோஸிதான் முதலில் படித்தாள். என்னிடம் கொடுக்கும்போது ஒன்றுமே சொல்லவில்லை. அவள் சும்மா இருந்தால் எனக்குப் பயம். அன்று சாயங்காலமே கேன்களில் இருந்ததை டேங்கில் ஊற்றிவிட்டேன். காலி கேனை அவள் சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் கவிழ்த்திருக்கிறாள். வாசனை போகவில்லை. பக்கத்து மாடிக்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

பள்ளி திறந்த வியாழக்கிழமை காலையில் முதலில் உன் வாசலுக்குத்தான் வந்தேன். நீ வந்தாய், குனிந்தாய், பார்த்தாய். ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. சுஜி பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "இன்னைக்கு வேணாம்ணா" என்றாய். அதோடு கதவைச் சாத்திவிட்டாய். கேன்தான் இல்லையே, இன்னும் என்ன? எதிர்வீட்டு வாசலுக்கு வண்டியை எடுப்பதற்குள் என் கண் கொஞ்சம் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன்.

அந்தக் கோபத்திலேயே எல்லா வாசலிலும் சொல்லிவிட்டேன். சாந்தமாக யோசித்திருந்தால் வாய் வந்திருக்காது.

திரிபுரசுந்தரி மேடம் பையன் தோளில் மாட்டிய பையைக் கழற்றினார். "நம்பி அனுப்பினேன் ஏசு" என்றார். அவ்வளவுதான். பையனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சுப்ரமணியன் சார் வீட்டில் வேறே கதை. "இதுக்கெல்லாம் மூல காரணம் என்னன்னா, ஸ்டேட் டேக்ஸ். புதுச்சேரிக்காரன் கம்மி பண்ணலையா? ஏன்னா…" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிட்டிபாபுவையும் அவரையும் ஒரே மைக்கில் நிறுத்தலாம் போலிருந்தது. உள்ளேயிருந்து லோகநாயகி அம்மா வந்து, "நீங்க சும்மா இருங்கோ, ஆஃபீஸுக்கு லேட்டாச்சு. ஏசு, கேன் இல்லாம ஓட்டணும்னா மாசம் எவ்ளோ கூடக் கேக்கற? அத சொல்லு" என்றார். சொன்னேன். யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆனா தினமும் நான் குனிஞ்சு பாப்பேன்" என்றார். பாருங்கம்மா என்றேன்.

கனகவல்லி அக்கா வீட்டு வேலைக்குப் போகிறவர், உனக்குத் தெரியும். "ஏம்பா, நீ கேன தூக்கிக் கெடாசிட்டு துட்ட ஏத்துனா நான் இன்னா பண்ணுவேன்? எம் புள்ள இன்னா பெட்ரோலா குடிக்கப் போறான்? வெச்சுக்கோயேன், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். என்னைக் காப்பாற்ற நினைத்த ஒரே ஆள் அவர்தான், எனக்கு அதுதான் தாங்கவில்லை. 'அங்கே நிறுத்தியது நீதான்' என்று நீ எழுதியது அப்போதுதான் புரிந்தது. உங்களுக்கு ஏற்றமாட்டேன், கேனும் வைக்கமாட்டேன் என்றுவிட்டேன். ரோஸி கேட்டால் இதைச் சொல்லிவிடாதே.

நாலு பிள்ளைகள் போய்விட்டன. மற்றவர்கள் இருக்கிறார்கள். வேன் போகவில்லை, அடிபட்டிருக்கிறது. பொங்கல் வரை தள்ளிவிடுவேன்.

நீ சுஜியை ஏன் ஏற்றவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுது.

ஏசுபாதம்


செம்பாக்கம்
9 டிசம்பர்

அண்ணா,

அன்று சுஜி ஏறியிருந்தால், ஒவ்வொரு வாசலிலும் அவளைப் பார்ப்பார்கள். சொந்தத் தங்கையே மகளை அனுப்புகிறாள், அப்புறம் என்ன என்று தோன்றும். நீ வாயைத் திறக்காமலேயே விஷயம் முடிந்திருக்கும். அவளைச் சான்றிதழாக வைத்து உன்னை யாரும் நம்பக்கூடாது என்று நினைத்தேன். வாசலில் நின்று இதையெல்லாம் விளக்க முடியவில்லை. "வேணாம்ணா" என்று மட்டும்தான் வந்தது. கதவுக்குப் பின்னால் சுஜி அழுதாள். நானும்தான்.

நீ எல்லோரிடமும் சொல்லிவிட்டாய் என்று திரிபுரசுந்தரி அக்காவே வந்து சொன்னார். அவரிடம் நான் சொன்ன பொய்யையும் ஒத்துக்கொண்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை; நியாயம்தான். "அவரே சொன்னாரு, அது வரைக்கும் சரி" என்று மட்டும் போகும்போது சொன்னார். அவர் பையன் திரும்ப வருவானா என்று என்னால் சொல்ல முடியாது.

காலையில் காய்கறி வாங்கப் போகும்போது பங்க் பலகையைப் பார்த்தேன். அதே தொண்ணூற்றிரண்டு. தேர்தல் நெருங்கினால் ஒன்றிரண்டு குறைப்பார்கள் என்று எழில் சொல்கிறார். போன மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் அப்படித்தான் குறைந்தது. குறைத்தால் இரண்டு கொடிக்காரர்களும் தங்களால்தான் குறைந்தது என்பார்கள். எனக்கு முன்பிருந்த மாதிரி யார் மேல் தப்பு என்று பங்கு பிரிக்க இப்போது வரவில்லை. எடுக்கிற பணத்தில் ஏதோ ஒன்று எனக்கும் வருகிறது என்று தெரிந்தபிறகு, எடுக்காதே என்று கத்த நாக்கு கூசுகிறது. எடுங்கள், ஆனால் உலகத்தில் இறங்கும்போது இங்கேயும் இறக்குங்கள், எதற்கு எடுக்கிறீர்கள் என்று பலகையில் விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இதற்கு எந்த மேடையிலும் கைதட்டு விழாது.

சுஜியை வியாழக்கிழமையிலிருந்து அனுப்புகிறேன். தினமும் குனிந்து பார்ப்பேன், லோகநாயகி அம்மா மாதிரி. நம்பாமல் இல்லை. நம்பிக்கை திரும்பிவர எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

ஒரு நிபந்தனை. இதுவரை சுஜிக்கு நீ காசு வாங்கியதில்லை. நானும் கொடுக்க நினைத்ததில்லை. அரசுப் பேருந்திலும் இலவசம், அண்ணன் வேனிலும் இலவசம் என்று ஏறிக்கொண்டு, டீசல் விலையைப் பற்றி நோட்டீஸ் எழுதிய ஆள் நான். மற்ற பிள்ளைகளுக்கு இப்போது ஏற்றியிருக்கும் கட்டணம் எவ்வளவோ அதை இந்த மாதத்திலிருந்து சுஜிக்கும் வாங்கிக்கொள். நாலு பிள்ளை போன இடத்தில் ஒன்றாவது நிற்கட்டும். எழிலும் சரி என்றார். தயவுசெய்து சண்டை போடாதே.

ஏஞ்சல்


கோவிலம்பாக்கம்
10 டிசம்பர்

ஏஞ்சலு,

சண்டை போடவில்லை. என் பக்கத்து முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்தால் அவள் சவாரி. கொடுக்காவிட்டால் என் மருமகள். சவாரி என்றால் சவாரிக்கு உள்ள சட்டம்தான். வாசலில் வந்து இரண்டு ஹாரன் அடிப்பேன். ஷூவில் ஒன்று காணோம், பென்சில் டப்பாவை மறந்துட்டேன், பொம்மைக்கு டாட்டா சொல்லிட்டு வரேன் என்றெல்லாம் கதை கிடையாது. மூன்றாவது ஹாரன் அடிக்க மாட்டேன், வண்டியை எடுத்துவிடுவேன். மருமகள் என்றால் அவள் எத்தனை நேரம் ஆக்கினாலும் நிற்கவேண்டியது என் தலையெழுத்து. மற்ற அம்மாக்களின் திட்டையும் நான்தான் வாங்குவேன்.

குனிந்து பார்ப்பது உன் உரிமை, அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

நாளைக் காலையில் வருகிறேன். பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு நில், அல்லது வைக்காமல் நில், அது உன் இஷ்டம். எது என்று வாசலில் சொல். நீ சொல்லும்வரை நான் ஹாரன் அடிக்காமல் நிற்கிறேன்.

ஏசுபாதம்